சாத்தானைக் கட்டிப்போட்ட மாதம்

1927 பிப்ரவரி 24, வியாழன். வாணியம்பாடி

காலையில் மழை வருவது போல மூட்டம் போட்டுவிட்டு ஏமாற்றியது. காற்று ஆற்றுப் பக்கமிருந்து அடிக்கிறது, ஊறப்போட்ட தோல் நாற்றத்தையும் ஆவாரம்பட்டை வாசனையையும் கலந்து கொண்டுவந்து கொட்டுகிறது. கிணற்றடி அறையிலிருந்து என் ட்ரங்குப் பெட்டியை வராந்தா அறைக்கு மாற்றிவிட்டார்கள். கிணற்றடி அறை இனிமேல் ஜெயசீலிக்கு. வேலூர் ட்ரெயினிங் ஸ்கூலில் படித்துவிட்டு வந்திருக்கிற புது பைபிள் ஸ்திரீ, என்னைப் போல வீடு வீடாகப் போய் வேதம் வாசிக்க. சின்ன வயசு. ஆர்மோனியம் வைக்க இடம் வேண்டுமாம். எனக்கென்ன, அவர் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து நானும் ஒரு பெட்டியும்தானே.

அறை போகட்டும். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் புதன்கிழமைப் பெண்கள் கூட்டத்துக்கு வேதத்தில் பிசாசுக்கு உள்ள பெயர்களை வாரம் ஒன்றாகப் பேசலாம் என்று போன வருஷம் எங்கள் மிஷன் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவிடம் சொன்னது யார்? நான். எந்த வாரம் எந்தப் பெயர் என்று வரிசை சொன்னது யார்? நான். மிஸ்ஸியம்மா அத்தனையும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், சொன்னவளை மட்டும் மறந்துவிட்டார்கள். இன்றைக்குக் கூப்பிட்டு, "ஜெயசீலி பேசுவாள். அன்னபாக்கியம், நீ பாய்களை விரித்து உதவி செய்" என்றார்கள்.

பாய் விரிக்கணுமாம். நானு!

மார்ச் 2, சாம்பல் புதன்

பாய் விரித்தேன்.

முதல் பெயர் சோதனைக்காரன். யானைக்கும் அடி சறுக்கும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தேன். சறுக்கவில்லை. "சோதனைக்காரன் கொம்பு வெச்சிக்கினு வரமாட்டான், உங்களுக்குப் பசிக்கிற நேரம் பார்த்து ரொட்டி எடுத்துக்கினு வருவான்" என்றாள். பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குக்கூட நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மோசமாகப் பேசியிருந்தால் இரக்கப்பட்டு இரண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருப்பேன்.

தொண்டை நல்ல தொண்டை. மூக்குதான் சற்றுப் பெரிது.

மார்ச் 3

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7, திங்கள்

சாயபுமார் தெருவுக்குப் போய்வந்தேன். எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு அதிகாரம் வாசிப்பது என் வேலை. அந்தத் தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் வேலை, வஹீதா பீபி வீடு மட்டும் வீடு. தோல் மண்டி கலீமுல்லா சாயபுவின் சம்சாரம். அந்த வீட்டுப் படுதாவைத் தாண்டினால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். பீபிக்குத் தமிழ் எழுத்து நான் சொல்லிக்கொடுத்தது, அதனால் நான் அவருக்கு உஸ்தானி, வாத்தியாரம்மா. இன்னமும் 'ழ' போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார்.

நோன்பு தொடங்கியிருக்கிறது. உதடு காய்ந்து போய்த் திண்டில் சாய்ந்திருந்தவர், "உஸ்தானி, இந்த மாசம் உனுக்கு வேலை கம்மி. ரம்ஜான்ல ஷைத்தானைச் சங்கிலி போட்டுக் கட்டிடுவாங்க" என்றார்.

எங்களுக்கும் இப்போது லெந்து, அவனைப் பற்றித்தான் பேச்சு என்றேன். உங்கள் வேதத்தில் அவன் பேர் என்ன என்று கேட்டார். கேட்டாரே ஒரு ஆள்! எண்ண ஆரம்பித்தேன். பெயெல்செபூல், பேலியாள், அப்பொல்லியோன், பழைய பாம்பு, பொய்க்குப் பிதா, ஆகாயத்து அதிகாரப் பிரபு, விடிவெள்ளி...

"அல்லா! இத்தினி பட்டமா? எங்க சாயபுக்குக் கவர்மெண்டுல ஒண்ணு வாங்கறதுக்கே பேஜாரா கீது" என்று நோன்பையும் மறந்து சிரித்தார். பிறகு அவர்கள் பக்கத்துக் கதை சொன்னார். இப்லீஸ் ஆவதற்கு முன்னால் அவனுக்கு அஸாஸீல் என்று அழகான பேராம். அவன் தொழாத இடம் வானத்தில் ஒரு சாண்கூட இல்லையாம். அப்பேர்ப்பட்டவனிடம், புதிதாகக் களிமண்ணில் பிசைந்த ஆதத்தைக் காட்டி, இதற்குத் தலை வணங்கு என்று உத்தரவு வந்ததாம். மாட்டேன் என்றுவிட்டான்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா. ஏன்னு கேட்டாங்க. நான் அவனைவிட ஒசத்தின்னு வாதாடினான். தப்புன்னு ஒரு வார்த்தை வாயில வர்ல. ஆதமும்தான் தப்பு பண்ணாரு, அவரு அழுதாரு. இவன் அழல. அன்னிக்கே அவன் பேரு போச்சு."

வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எத்தனை காலம் உழைத்தவன். நேற்றுப் பிசைந்த மண்ணுக்கு வணக்கம் போடு, பாய் விரி என்றால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன்.

மார்ச் 9, புதன்

கூட்டத்துக்கு முன்னால் ஜெயசீலி வந்து நின்றாள். "பாக்கியத்தக்கா, பேலியாள்ங்கற பேரு எந்த நிருபத்துல வருது? உங்களுக்குத்தான் தெரியும்னு மிஸ்ஸியம்மா சொன்னாங்க."

தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் அதிகாரம், வசனம் சொல்வேன். "தெரியாதேம்மா, நான் எங்கே ட்ரெயினிங் ஸ்கூல் போனேன்?" என்றேன். முகம் சுண்டிப் போய்விட்டது. கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது.

இன்றைக்குப் பேசிய பெயர் பொய்க்குப் பிதா. பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு எறும்பு கடிப்பது போலவே இருந்தது.

மார்ச் 13, ஞாயிறு

குளிர் ஜுரம். கோவிலுக்குப் போகவில்லை.

மார்ச் 15

ஜுரத்துக்குக் கொயினா மாத்திரை சாப்பிட்டுக் காது இரைகிறது. ஜெயசீலி கஞ்சி கொண்டுவந்தாள். நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள், வேறு பக்கம் திரும்பிப் படுத்தேன். "உங்க வீடுங்களை எல்லாம் நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க கவலைப்படாதீங்க" என்றாள்.

கவலைப்படாதீங்களாம். அதைவிட ஜுரமே தேவலை.

கஞ்சியில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 21, திங்கள்

எழுந்து உட்கார்ந்தேன். ஜட்கா ஓட்டுகிற சத்தார் வாசல்வரை வந்து விசாரித்தான். நல்லவன், ஆனால் வாய் நிற்காது. "இன்னாம்மா, ரொம்ப எளைச்சிட்டே. அங்க ஒண்ணும் கொறை இல்லே. சின்ன உஸ்தானி டாண்ணு போவுது. மண்டிக்காரர் வூட்டுல அதைப் பாட்டு பாடச் சொல்லிக் கேக்கறாங்களாம், உருதுலேயே பாடுதாம். பெரிய உஸ்தானி எப்ப வரும்னும் கேட்டாங்க" என்றான்.

சின்ன உஸ்தானி. அப்படியானால் நான் பெரிய உஸ்தானி. இத்தனை வருஷம் வெறும் உஸ்தானி. ஒருத்தி மட்டும் இருக்கும்போது பெரிசு என்ன, சிறிசு என்ன? பக்கத்தில் இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினால்தானே அளந்து பார்க்கத் தோன்றும்.

உருதில் பாடுகிறாளாம். நான் பாடினால் பீபி, "போதும், தொண்டை கட்டிக்கும்" என்பார். அதை அக்கறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 24, வியாழன்

விளக்கைத் தூண்டிவிட்டு எழுதுகிறேன்.

வெயில் தாழ்ந்ததும் மெதுவாக நடந்தே பீபி வீட்டுக்குப் போனேன். திடீரென்று போய் நிற்க வேண்டும், என்னைப் பார்த்ததும் அவர் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. நோன்பு திறந்து முடிந்த நேரம். படுதாவுக்கு அந்தப் பக்கம் ஊதுபத்திப் புகை. படுதாவைத் துளி விலக்கினேன். நடுவில் வெள்ளைத் துணி. அதில் மலீதாத் தட்டு, ரொட்டியை நெய்யும் வெல்லமும் போட்டுப் பிசைந்தது. வயசான ஒரு அம்மாள் ஃபாத்திஹா ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டார். பீபி ஒரு கை எடுத்து நீட்ட, நம் ஜெயசீலி முக்காடு போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

எங்கள் மிஷனில் எது பொறுத்தாலும் இதைப் பொறுக்க மாட்டார்கள். ஓதிவைத்த பண்டம் தொடக் கூடாது. விக்கிரகத்துக்குப் படைத்ததற்குச் சமானம் என்பது மிஸ்ஸியம்மா சட்டம். முன்னே ஒரு வாத்தியாரம்மாவை இதற்காகவே சீட்டுக் கிழித்து அனுப்பினார்கள். அதற்குப் பயந்து நான் அந்தத் தெருவில் வெறும் முறுக்குக்கூடத் தொட்டதில்லை.

யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வருத்தமாக இருந்தது என்று எழுதலாம். யாருக்காக எழுதுவது? சந்தோஷம். அவ்வளவு சந்தோஷம். ஜுரமெல்லாம் போய்விட்டது.

மார்ச் 26, சனி

சொல்லிவிட்டேன்.

"எனக்குச் சொல்ல மனசே இல்லை அம்மா" என்றுதான் ஆரம்பித்தேன். நாக்கு தானாகவே எண்ணெய் போட்டுக்கொண்டது. "அன்னபாக்கியம், நீ உன் சொந்தக் கண்ணால் பார்த்தாயா?" என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். அதில் பொய் இல்லை, ஒரு எழுத்துக்கூட இல்லை.

ஜெயசீலியை என் எதிரிலேயே கூப்பிட்டார்கள். மறுப்பாள், அழுவாள் என்று பார்த்தேன். "ஆமாம்மா, சாப்பிட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"குடுத்தாங்க. சாப்பிட்டேன்."

அவ்வளவுதான். என்னை ஒரு தரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து விழுங்கியது போல இருந்தது. கமிட்டி கூடித் தீர்மானிக்கிறவரை அவள் காட்பாடியில் அப்பா வீட்டில் இருக்க வேண்டும். மிச்சப் புதன்கிழமைகளை அன்னபாக்கியம் பார்த்துக்கொள்வாள்.

கேட்டது கிடைத்தது. ஸ்தோத்திரம்.

மார்ச் 28

காலை ரயிலுக்குப் போனாள். ஆர்மோனியத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சத்தார் பெட்டியைத் தூக்கி வைத்தான், என்னிடம் பேசவில்லை. அவள்தான் வராந்தாவுக்கு வந்து, "ஒடம்பைப் பாத்துக்குங்கக்கா, வெயில்ல நடக்காதீங்க" என்றாள்.

வேஷக்காரி என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நினைக்கத்தான் பார்க்கிறேன்.

மார்ச் 30, புதன்

இன்றைக்குச் சாத்தான் ஒளியின் தூதனாக வேஷம் போடுகிற வாரம். பேசினேன். நன்றாகவே பேசினேன், எதையும் மறக்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தி தூங்கிவிட்டாள். முடிந்ததும் இன்னொருத்தி வந்து, "ஜெயசீலியம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 2, சனி

என்ன எழுதுவது. எழுதியே ஆகவேண்டும்.

பீபி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டார். "உஸ்தானி! எழுந்து வந்துட்டியா! நேர்ச்சை வீண் போவல" என்றார்.

என்ன நேர்ச்சை என்றேன்.

"உனுக்கு ஜுரம் ஜாஸ்தி, பினாத்துறேன்னு சின்னது இங்க வந்து உக்காந்து அழுவுது. எனுக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. நீ எழுந்து உக்காந்தா மலீதா பண்ணி உன் பேர்ல ஓதறேன்னு நேர்ந்துக்கினேன். நீ எழுந்துட்டேன்னு சத்தார் வந்து சொன்னான், வியாழக்கிழமையே முடிச்சிட்டேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார். அவர் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டு வழக்கம் ஒன்று உண்டாம். யாருக்காக நேர்ந்ததோ அந்த ஆள், இல்லாவிட்டால் அந்த ஆளுக்குச் சொந்தமானவர், ஒரு வாய் சாப்பிட்டால்தான் நேர்ச்சை சேருமாம். "உன்னைக் கூப்ட்டா நீ தொடமாட்டே, எனுக்குத் தெரியாதா? இத்தினி வருசத்துல ஒரு முறுக்கு தின்னுருப்பியா? அதான் சின்னதைக் கேட்டேன். அதுவும் மொதல்ல, எங்களுக்கு இது ஆவாது பீபின்னுது. அப்ப உஸ்தானிக்கு நீ இன்னா வேணும்னு கேட்டேன். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கினுது. அப்புறம், எங்க அக்காதான், குடுங்கன்னு வாங்கிச் சாப்ட்டுது."

எங்க அக்காதான்.

அன்றைக்கு விழுங்கியது இதைத்தான். சொல்லியிருந்தால், அன்னபாக்கியத்தின் பெயரில் ஓதினார்களா, அவள் கேட்டுத்தானே ஓதியிருப்பார்கள் என்று என் வேலையும் போயிருக்கும். அதற்காக வாயை மூடிக்கொண்டாள். நானோ அவள் எதிரில் நின்று, சொந்தக் கண்ணால் பார்த்தேன் என்றேன். ஐயோ, இன்னா காரியம் பண்ணிட்டேன் நான்.

"சின்னதை ஊருக்கு அனுப்பிட்டாங்களாமே. யாரு போய்ச் சொன்னது?" என்று பீபி கேட்டார்.

நான் தையல் துணியை மடித்தேன், பிரித்தேன், மடித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்திசாலி மனுஷி, அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபமாகக்கூடப் பேசவில்லை. "இந்த மாசம் அவனைக் கட்டிப் போட்டுக் கீது உஸ்தானி. அவன் மேல பழி போட முடியாது. இது மனுசங்க வேலை" என்றார்.

பாடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 4

பெருநாள். தெருவெல்லாம் அத்தர் வாசனை. எப்போதும் பெருநாளன்று அந்த வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட ஆள் வரும். இந்த வருஷம் வரவில்லை.

சங்கிலியை அவிழ்த்துவிட்டிருப்பார்கள். இனிமேல் அவன் மேல் பழி போடலாம். போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை.

ஏப்ரல் 5

நாளைக்குரிய பெயர் சகோதரர்மேல் குற்றஞ்சாட்டுகிறவன். வரிசை போட்டவள் நான்தான். வேறு பெயரை மாற்றி வைத்துக்கொள்ளலாமா? யாருக்கும் தெரியாது. பேலியாளைப் பேசலாம், எனக்கு ஜுரமாக இருந்தபோது ஜெயசீலி பேசின கெர்ச்சிக்கிற சிங்கத்தை மறுபடி பேசலாம்.

இரவும் பகலும் தேவனுக்கு முன்பாக நின்று குற்றம் சொல்கிறவன் என்று எழுதியிருக்கிறது. அவன் சொல்வது எல்லாம் பொய் என்று எழுதியிருக்கவில்லை. அதை இன்றைக்குத்தான் கவனித்தேன். நான் சொன்னதும் பொய் இல்லையே.

பயமாக இருக்கிறது. சொன்னால் வேலை போகும், பீபி வீடு போகும். சொல்லாவிட்டால்? ஜெயசீலி போய்விடுவாள், நான் இங்கேயே இருப்பேன், எல்லா வீடும் எனக்கு, கூட்டமும் எனக்கு. அந்தப் பெயரும்தான்.

தப்புன்னு ஒரு வார்த்தை வாயில வர்ல என்றாரே பீபி, அந்த வார்த்தை இத்தனை கனமாக இருக்கும் என்று எனக்கும்தான் தெரியாது.

ஏப்ரல் 6, புதன்

பெயரைச் சொன்னேன். யோபுவின் கதையை எடுப்பதாக இருந்தேன். வாயில் வரவில்லை. பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மிஸ்ஸியம்மா நாற்காலியில். பிறகு அது வேறு யாரோ பேசுவது போல வந்தது.

"ஜெயசீலி சாப்ட்டது எனக்காவ. எனக்கு ஒடம்பு நல்லாவணும்னு பண்ணது. அது தெரியாம போய்ச் சொன்னவ நான். தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவ நல்லாப் பாடறா, நல்லாப் பேசறா, எனக்குப் பொறுக்கல. தப்பு பண்ணிட்டேன்."

பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கியது. மிஸ்ஸியம்மா பாட்டுப் புஸ்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள். நான்தான் ஜெபம் பண்ணி முடித்தேன். பாய்களை நானே சுருட்டினேன்.

ஏப்ரல் 8

கமிட்டியின் தீர்ப்பு. ஜெயசீலிக்கு ஒரு எச்சரிக்கை, திரும்பி வரலாம். என் பெயரில் ஓதியது என் குற்றம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் சாயபுமார் தெருவுக்கு இனிமேல் நான் போக வேண்டாம். அந்த வீடுகள் ஜெயசீலிக்கு. எனக்குக் குழந்தைகள் வகுப்பு. "அன்னபாக்கியம், நீ உண்மையைச் சொன்னாய். ஆனால் இரண்டு முறை சொன்னாய், இரண்டும் வெவ்வேறு" என்றார்கள் மிஸ்ஸியம்மா. அவர்கள் தமிழில் இவ்வளவு நன்றாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பீபி வீட்டுப் படுதா. நினைக்கக் கூடாது. அழுது தீர்த்தேன்.

ஏப்ரல் 13, புதன்

நேற்று ரயிலில் ஜெயசீலி வந்தாள். கிணற்றடி அறைக்குப் போனாள். என் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது?

இன்றைக்கு மத்தியானம் சத்தார் வந்து ஒரு தூக்குச் சட்டியை வைத்துவிட்டு, "மண்டிக்காரர் வூட்டுல குடுத்தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். திறந்தேன். மலீதா. ஓதியதா, ஓதாததா என்று அவன் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. சாப்பிட்டேன். நெய் தாராளம்.

சாயங்காலம் கடைசிக் கூட்டம். பாய் விரித்தேன். கடைசிப் பெயர் பழைய பாம்பு. ஆர்மோனியத்தோடு ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் பேசினாள். நன்றாகப் பேசினாள், என்னைவிட நன்றாக. முன்வரிசையில் ஒருத்தியும் தூங்கவில்லை. எனக்கு எரிந்தது. பொய் சொல்வானேன், இப்போதும் எரிகிறது. முன்னைக்குக் கொஞ்சம் கம்மி.

எல்லாரும் போன பிறகு நான் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். இனிமேல் என்னை என்னவென்று கூப்பிடுவாளோ, கூப்பிடாமலே போய்விடுவாளோ என்று நான் பாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்து பாயின் மறுமுனையைப் பிடித்தாள்.

"இன்னும் இறுக்கமா சுத்துங்கக்கா, பிரிஞ்சுக்குது" என்றாள்.